வெளிநாட்டில் படிக்கப் பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? ஒரு காரைக்குடி வாத்தியாரின் கணக்கு

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் காலையிலேயே எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழே செருப்புகள் சேர ஆரம்பித்துவிடும். காரைக்குடியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பிளஸ் டூவுக்குக் கணிதம் எடுக்கிறேன். பள்ளியில் கொடுத்த குரூப் விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்பா வருவார். பின்னால் பையனோ பெண்ணோ தலையைக் குனிந்துகொண்டு வரும். முன்பெல்லாம் கேள்வி ஒன்றுதான்: "சார், இன்ஜினியரிங்கா, நீட்டா?" இப்போது கேள்வி மாறிவிட்டது. "காலேஜுக்கு வெளிநாடு அனுப்பலாம்னு இருக்கோம் சார். எந்த குரூப் எடுத்தா வெயிட்டு?"

அந்த 'வெயிட்டு'தான் சிக்கல். நம் ஊரில் குரூப்புக்கு ஒரு வரிசை உண்டு. பயோ-மேத்ஸ் மேலே, அதற்கடுத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸ், அப்புறம் பியூர் சயின்ஸ், பிறகு காமர்ஸ், எல்லாவற்றுக்கும் கீழே வரலாறு. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து இந்த வரிசைப்படிதான் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கிறோம். இதெல்லாம் நமக்குள் நாமே போட்டுக்கொண்டது. லண்டனிலோ சிங்கப்பூரிலோ விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்க்கிறவருக்கு 'ஃபர்ஸ்ட் குரூப்' என்றால் என்னவென்றே தெரியாது. கேட்டிருக்கிற படிப்புக்கு வேண்டிய பாடம் இந்தப் பிள்ளையிடம் இருக்கிறதா, அதில் எவ்வளவு மார்க் என்றுதான் அவர் தேடுவார்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அக்கா மகன் விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அவன் காமர்ஸ் எடுத்தான். மாநிலப் பாடத்திட்டத்தில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் காமர்ஸ்காரர்களுக்குப் பொது. நான்காவது பாடம் கணினிப் பயன்பாடுகளா, வணிகக் கணிதமும் புள்ளியியலுமா என்பதில்தான் பிரியும். "மாமா, பிசினஸ் மேத்ஸ்ல சென்டம் கஷ்டமாம், கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் ஈஸியாம்" என்றான். கணக்கு வாத்தியாரான நானே சரி என்று தலையாட்டினேன். பிளஸ் டூவில் 600க்கு 571. பிரிட்டனில் பொருளாதாரம் படிக்க, அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாக விண்ணப்பித்திருந்தான். அதில் அதிகபட்சம் ஐந்து இடங்கள்தான் போட முடியும். மூன்று இடங்களிலிருந்து ஏறக்குறைய ஒரே பதில்: பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் இல்லை, மன்னிக்கவும். மற்ற இரண்டில், முதலில் ஒரு வருஷம் ஃபவுண்டேஷன் என்கிற ஆயத்தப் படிப்பைப் படி என்றார்கள். ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷக் கட்டணம், ஒரு வருஷ வாடகை, பவுண்டில். அக்கா என்னிடம் சண்டை போடவில்லை. அந்தத் தீபாவளிக்கு வந்திருந்தபோது வெள்ளைப் பணியாரத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "நீ கணக்கு வாத்தியார்தானேடா" என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு திண்ணைக்கு யார் வந்தாலும் நான் முதலில் போடும் கோடு ஒன்றுதான். பயோவா கம்ப்யூட்டரா காமர்ஸா என்பதெல்லாம் அப்புறம். கணிதம் உள்ள குரூப்பா, இல்லாத குரூப்பா?

கணிதம் இருக்கிற பக்கம்

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், கேம்பிரிட்ஜ், வாரிக் மூன்றிலும் பொருளாதாரப் பட்டத்துக்குப் பள்ளி இறுதியில் கணிதம் கட்டாயம். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ராட்மன் வணிகப் படிப்புக்குக் கால்குலஸ், அதாவது நுண்கணிதம் வேண்டும். சிங்கப்பூரில் பொறியியல் என்றால் கணிதமும் அதோடு ஒரு அறிவியல் பாடமும் கேட்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது: பொருளாதாரத்துக்குப் பள்ளியில் பொருளியல் படித்திருக்க வேண்டும் என்று இவர்கள் கட்டாயப்படுத்துவதில்லை. கணிதத்தைத்தான் கட்டாயப்படுத்துகிறார்கள். நம் ஊரில் இதை நம்பவே மாட்டார்கள். "பொருளாதாரம் படிக்கப் போறவனுக்கு எதுக்கு சார் ஃபிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும்" என்று கேட்பார்கள். ஃபிசிக்ஸ் தேவையில்லைதான். ஆனால் மாநிலப் பாடத்திட்டத்தில் முழுக் கணிதம் அறிவியல் பாடங்களோடு ஒட்டிக்கொண்டுதான் பெரும்பாலான பள்ளிகளில் கிடைக்கிறது. மாட்டை வாங்கினால் கயிறும் கூடவே வரும் என்கிற மாதிரி.

பயோ-மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டிலும் இயற்பியல், வேதியியல், கணிதம் பொது. நான்காவது பாடம்தான் வேறு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்துக்குப் போகிறவன் கம்ப்யூட்டர் குரூப்தான் எடுக்கணும் என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கட்டாயம் என்று கேட்பது கணிதம். பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் பொறியியலுக்குக் கேட்கும் பாடங்கள் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம். இரண்டு குரூப்பிலும் இந்த நாலும் இருக்கின்றன. ஆக, பொறியியலுக்கும் கம்ப்யூட்டருக்கும் இரண்டு குரூப்பும் ஒன்றுதான்.

அப்படியானால் உயிரியல் எதற்கு? உயிர்த்தொழில்நுட்பம், மருந்தியல், நரம்பியல், உயிரிமருத்துவம் என்று ஒரு பெரிய வட்டாரமே உயிரியலும் வேதியியலும் உள்ளவர்களுக்குத்தான் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி தன் மாணவர்களிடம் எதிர்பார்க்கும் பள்ளிப் படிப்பாகச் சொல்வதில் கால்குலஸ் வரை கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், நான்கு வருஷ ஆங்கிலம் எல்லாம் இருக்கின்றன. இது கட்டாயம் இல்லை, பரிந்துரைதான். ஆனாலும் நம் பயோ-மேத்ஸ்காரன் அந்தப் பட்டியலோடு ஏறக்குறைய அப்படியே பொருந்திப் போகிறான்.

விலையும் இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தில் உயிரியல் என்பது பேருக்குத்தான் ஒரு பாடம். உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகம், தேர்வில் 35-க்கு ஒன்று, 35-க்கு இன்னொன்று, இரண்டு ஆசிரியர், இரண்டு ரெக்கார்டு நோட்டு. சாயங்காலம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். கம்ப்யூட்டர் குரூப் பையன் ஏழு மணிக்குக் கணக்கு முடித்துக் கிளம்பிவிடுவான். பயோ-மேத்ஸ் பெண் அதற்குப் பிறகு விலங்கியல் படம் வரைய உட்காரும். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு எஸ்ஏடி என்ற அமெரிக்கச் சேர்க்கைத் தேர்வு, ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு, கட்டுரை என்று தனி வேலை இருக்கிறது. அதற்கான நேரம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும்.

கம்ப்யூட்டர் குரூப்பின் உண்மையான லாபம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது. இன்னொன்று, கையில் ஒரு கருவி கிடைக்கிறது. பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான். என்னிடம் படித்த ஒரு பையன், ஆத்தங்குடிக் கல் பதித்த தாத்தா வீட்டு வளவில் உட்கார்ந்து, தரையில் திரும்பத் திரும்ப வரும் பூவை எத்தனை விதமாகத் திருப்பி வைக்கலாம் என்று பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினான். ஒரு கல்லை 90 டிகிரி திருப்புவது ஒரு அணி, கண்ணாடியில் பார்ப்பது போலக் கவிழ்ப்பது இன்னொரு அணி. நான் வகுப்பில் 'மேட்ரிக்ஸ்' என்று கரும்பலகையில் போட்டதை அவன் தரையில் கண்டுபிடித்துவிட்டான். திரையில் எட்டு வகைப் பூத்தரை விரிந்தது. அதைத்தான் விண்ணப்பக் கட்டுரையாக எழுதினான். எந்த குரூப் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

என் தீர்ப்பு: என்ன படிப்பது என்று இன்னும் தெரியாத, ஆனால் படிக்க அசராத பிள்ளைக்குப் பயோ-மேத்ஸ். கம்ப்யூட்டரோ பொறியியலோ பொருளாதாரமோ என்று மனம் ஓரளவு தேறிவிட்டால் கம்ப்யூட்டர் குரூப். 'வெயிட்டுக்காக' உயிரியலைச் சுமக்க வைத்து, கணிதத்தில் 95 வாங்க வேண்டியவனை 82-க்கு இறக்கிவிடுவது படு நஷ்டம். அங்கே பார்ப்பது அந்தக் கணித மார்க்கைத்தான்.

வெளிநாட்டில் எம்பிபிஎஸ் என்று வருகிறவர்களுக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. படித்துவிட்டு இந்தியாவில் பணி செய்ய வேண்டுமானால் நீட் தேர்ச்சி கட்டாயம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே நாட்டில் 12 மாதப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம். கம்ப்யூட்டர் குரூப் எடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறியவர்களுக்கு ஒரு சந்து உண்டு: பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் போதும் என்று ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது.

கணிதம் இல்லாத பக்கம்

பியூர் சயின்ஸ், அதாவது இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். நர்சிங், ஊட்டச்சத்து, உயிரியல், வேளாண்மை என்று தெளிவாக இருக்கிற பிள்ளைக்கு இதில் குறையில்லை. 'கணக்கு வராது' என்பதற்காக மட்டும் இதில் போய் விழுகிறவர்களை நான் தடுக்கப் பார்ப்பேன். பொறியியல், கம்ப்யூட்டர், பொருளாதாரம், டேட்டா சயின்ஸ் எல்லாம் ஒரே கையெழுத்தில் போய்விடும். பதினைந்து வயதில் அவ்வளவு பெரிய கையெழுத்து வேண்டாம்.

காமர்ஸ்தான் எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். வட்டிக்கணக்கும் ஐந்தொகையும் பிறந்த ஊர். போன வருஷம் பேத்தியோடு வந்த ஒரு ஆச்சி சொன்னார்: "அந்தக் காலத்துல ஏடு எழுதத் தெரிஞ்சாப் போதும் தம்பி, பர்மாவுக்கு அனுப்பிருவாக. இப்ப என்னமோ குரூப்பு குரூப்புங்கிறாக." வட்டிக்கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்பிய கதைகள் எல்லா வீட்டிலும் உண்டு. அந்தப் பெருமையில் கணக்குப்பதிவியல் எடுத்தால் வெளிநாட்டில் கணக்கியல் படிக்கச் சுலபம் என்று நினைத்துவிடுகிறோம். கணக்கியலும் நிதியும் சேர்ந்த பட்டத்துக்குக்கூடப் பெரும்பாலும் பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்திருக்க வேண்டியதில்லை. டெபிட்டும் கிரெடிட்டும் நாங்களே சொல்லித்தருவோம், நீ கணிதத்தோடு வா என்பதுதான் அங்கே போக்கு.

அதனால் காமர்ஸ் எடுப்பதாக இருந்தால் நான்காவது பாடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அக்கா மகன் எடுக்காமல் விட்ட வணிகக் கணிதப் புத்தகத்தை அந்தத் தீபாவளிக்குப் பிறகு எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் அணிகளும் அணிக்கோவைகளும், தொகை நுண்கணிதம் இரண்டு அத்தியாயம், வகைக்கெழுச் சமன்பாடுகள், எண்ணியல் முறைகள், நிகழ்தகவுப் பரவல்கள், கூறெடுப்பு, செயல்முறை ஆராய்ச்சி. நான் எடுக்கும் முழுக் கணிதத்தில் கலப்பெண்கள், வெக்டர், கூம்பு வெட்டிகள், பகுதி வகைக்கெழு என்று ஆழம் கூட. ஆனால் புள்ளியியலில் வணிகக் கணிதம் எங்கள் புத்தகத்தைவிடத் தூரம் போகிறது. பொருளாதாரம் படிக்கப் போகிறவனுக்கு அது ஒன்றும் சளைத்த பாடமில்லை.

சிக்கல் பெயரில். 'பிசினஸ் மேத்தமேட்டிக்ஸ்' என்று மார்க் ஷீட்டில் பார்த்ததும், இது கடைக்கணக்குப் போலிருக்கிறது என்று ஒதுக்கும் இடங்கள் உண்டு. பாடத்திட்டத்தை அனுப்பிக் கேட்டால் ஏற்கும் இடங்களும் உண்டு. ஆகவே வணிகக் கணிதம் எடுப்பவர்கள் அத்தியாயத் தலைப்புகளை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு, சேரப்போகும் துறையின் சேர்க்கை அலுவலகத்துக்குப் பிளஸ் ஒன்னிலேயே மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. காசு செலவில்லை. ஏஜெண்ட் சொல்லும் வாய்ச்சொல்லைவிட அந்த ஒரு வரிப் பதில் பெரிது.

சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கிறவர்களுக்கு இங்கே ஒரு வசதியும் ஒரு கண்ணியும் உண்டு. வசதி: கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல், ஆங்கிலத்தோடு முழுக் கணிதத்தையும் சேர்த்து எடுக்கலாம். பொருளாதாரம், நிதி, மேலாண்மை என்று போகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கை நம் பக்கத்தில் கிடையாது என்பது என் எண்ணம். கண்ணி: சிபிஎஸ்இயில் பதினொன்றாம் வகுப்புக்கு இரண்டு கணிதம் இருக்கிறது. 041 என்ற எண் கொண்டது பழைய முழுக் கணிதம். 241 என்பது 2020-21இல் வந்த அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ். 'கொஞ்சம் லேசு' என்று பள்ளியில் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் கணிதத்தைக் கட்டாயமாகக் கேட்கும் பட்டங்களுக்கு 241 செல்லுமா என்பது இடத்துக்கு இடம் மாறும். எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

விட்ட கணிதத்தைப் பிறகு பிடிக்க முடியுமா என்று கேட்பார்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்கள் தனிப் பாடமாக எழுதலாம். அதை ஏற்பார்களா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம்தான் கேட்கணும். அக்கா மகன் அந்த வழியையும் யோசித்துப் பார்த்துவிட்டு, ஃபவுண்டேஷனுக்கே போனான்.

வரலாறு குரூப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சட்டப் படிப்புக்குக் குறிப்பிட்ட பாடம் எதுவும் பொதுவாகக் கேட்பதில்லை. வாசித்து, வாதம் செய்து எழுதும் பாடங்கள் உதவும். வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல் படித்து நல்ல ஆங்கிலமும் உள்ள பெண்ணுக்கு அங்கே வழி தாராளம். வள்ளல் அழகப்பர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. படித்துவிட்டுத்தான் லண்டனுக்குப் போய்ப் பாரிஸ்டர் ஆனார். பிறகு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். சிக்ரி என்கிற அந்த ஆய்வகத்தின் வாசலைத் தாண்டித்தான் நான் தினமும் பள்ளிக்குப் போகிறேன். இலக்கியம் படித்தவர் கொண்டுவந்த ஆய்வகம். குரூப் வரிசை பேசுகிறவர்களுக்கு இதைச் சொன்னால், "அது அந்தக் காலம் சார்" என்பார்கள்.

நாட்டுக்கு நாடு

பிரிட்டனில் முதல் நாளிலிருந்தே ஒரே பாடம்தான். அதனால் அந்தப் பாடத்துக்கு வேண்டியது பள்ளியில் இருந்ததா என்று கறாராகப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டாம் வருஷ முடிவு வரை முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க அவகாசம் உண்டு. அதற்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு வருஷ மார்க்கையும் கேட்பார்கள். இங்கே ஒரு குரூப்பை எடுத்ததால் அங்கே வழி அடைபடுவது குறைவு. ஆனால் ஒன்பதாம் வகுப்பை விளையாட்டாக விட்டவனுக்கு அது வந்து நிற்கும். எஸ்ஏடி கணிதத்தில் கால்குலஸ் கிடையாது. இயற்கணிதம், சமன்பாடுகள், கொஞ்சம் வடிவியல், கொஞ்சம் முக்கோணவியல். ஒன்பது, பத்தாம் வகுப்புக் கணக்கை அழுத்தமாகப் போட்டவனுக்கு அது பயமே இல்லை. இதில் மாட்டிக்கொள்கிறவர்கள் ஆங்கிலப் பகுதியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், எந்த குரூப்பாக இருந்தாலும்.

சிங்கப்பூர் எங்களுக்கு வெளிநாடு மாதிரியே தோன்றாது. திருச்சியில் விமானம் ஏறினால் போயிற்று. டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் நகரத்தார் கட்டியது. அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கும் அரசு டியூஷன் கிராண்ட் என்ற கட்டண உதவி தருகிறது; வாங்கினால் படிப்பு முடிந்ததும் மூன்று வருஷம் சிங்கப்பூர் சம்பந்தப்பட்ட நிறுவனத்தில் வேலை பார்க்க ஒப்பந்தம். இதைச் சொன்னதும் அந்த ஆச்சி சிரித்துவிட்டார். கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பார்க்கப் போனவர்களுக்கும் அந்தக் காலத்தில் மூன்று வருஷக் கணக்குத்தானாம். சிங்கப்பூரில் இடம் கிடைப்பது கடினம். பாட நிபந்தனையும் மார்க்கும் இரண்டும் வேண்டும். கணிதமில்லாமல் அந்தப் பக்கம் போவதற்கு வழி குறுகலானது.

ஜெர்மனியைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது என்பது உண்மை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 முதல் வாங்குகிறது. ஆனால் இளநிலைப் படிப்புக்கு நம் பிளஸ் டூ மட்டும் பொதுவாகப் போதாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும், அல்லது இங்கே ஒரு கல்லூரியில் பட்டப்படிப்பு ஒரு வருஷமாவது முடித்திருக்க வேண்டும், அல்லது அங்கே ஸ்டூடியன்கோலெக் என்ற ஆயத்தக் கல்லூரி என்று சுற்றிப் போக வேண்டும். நம் மார்க் ஷீட்டுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். அங்கே குரூப் ரொம்பவே பேசும்: பள்ளியில் எந்தப் பக்கம் படித்தாயோ அந்தப் பக்கத்துப் பட்டம்தான். காமர்ஸ் எடுத்துவிட்டு ஜெர்மனியில் மெக்கானிக்கல் என்று வந்த ஒருவரைத் திண்ணையிலேயே உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆஸ்திரேலியாவில் பல இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பின் சிறந்த நான்கு பாடங்களின் சராசரியைப் பார்ப்பார்கள். ஒரு பாடத்தில் வழுக்கியவர்களுக்கு அது நல்ல நாடு.

போர்டும் மார்க்கும்

"ஸ்டேட் போர்டிலேர்ந்து சிபிஎஸ்இக்கு மாத்திடலாமா?" இது அடுத்த கேள்வி. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் மாநில போர்டுக்குச் சிபிஎஸ்இயைவிட ஐந்து பத்து சதவீதம் கூடுதலாகக் கேட்பது உண்மை. ஆனால் நம் போர்டில் 90 வாங்கும் பிள்ளை, பதினொன்றில் புதுப் பள்ளி, புது போர்டு என்று தடுமாறி 78 வாங்கினால் மாறியதற்கு என்ன லாபம்? மேலே சொன்ன காமர்ஸ்-கணிதச் சேர்க்கைக்காக மாறினால் நான் ஒத்துக்கொள்வேன். பெயருக்காக வேண்டாம். ஐபி என்கிற சர்வதேசப் பாடத்திட்டம் ஆறு பாடம், அதில் மூன்றை உயர்நிலையில் படிப்பது. இந்தியாவில் 1976இலேயே அதைத் தொடங்கியது கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. விடுதிச் செலவோடு சேர்த்துப் பார்த்தால் அந்தப் பணத்தில் அங்கேயே ஃபவுண்டேஷன் படித்துவிடலாம் என்று தோன்றும்.

இன்னொரு விஷயம் குரூப்பைவிட முக்கியமாக எனக்குப் படுகிறது. நம் பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. அமெரிக்க விண்ணப்பங்கள் நவம்பர், ஜனவரியிலேயே போய்விடும். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கு அக்டோபர் 15 கடைசி. அப்போது உங்கள் கையில் இருப்பது பத்தாம் வகுப்பு மார்க், பதினொன்றாம் வகுப்பு மார்க், பன்னிரண்டில் இவ்வளவு வாங்குவான் என்று பள்ளி எழுதித்தரும் மதிப்பீடு. பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு 2017-18இல் வந்ததே, பள்ளிகள் அந்த வருஷப் பாடத்தை நடத்தாமல் நேரே பன்னிரண்டுக்குத் தாவிக்கொண்டிருந்ததால்தான். 2025-26 முதல் அது எடுக்கப்பட்டுவிட்டது. இனி பிளஸ் ஒன் மார்க் என்பது பள்ளி தரும் மார்க்தான். எல்லை, வகையிடல், தொகையிடலின் அரிச்சுவடி எல்லாம் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்கும் பள்ளியில் எந்த குரூப் எடுத்தாலும் அஸ்திவாரம் ஆடும். சேரும்போதே, பிளஸ் ஒன் பாடத்தை முழுதாக நடத்துவீர்களா என்று கேளுங்கள். மதிப்பீட்டு மார்க் எழுதித்தருவீர்களா என்பதையும். "பப்ளிக் எக்ஸாம் மார்க்கை நான் எப்படிய்யா முன்கூட்டியே எழுதறது, நான் என்ன ஜோசியனா?" என்று கேட்ட ஒரு தலைமையாசிரியரிடம் நான் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து விளக்கியிருக்கிறேன். நல்ல மனிதர். கடைசியில் காலாண்டு, அரையாண்டு மார்க்கை வைத்து எழுதிக் கொடுத்தார்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இதைப் படித்துப் பின்வாங்க வேண்டாம். பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மார்க்கையே மொழித் தகுதியாக ஏற்கின்றன, எந்த போர்டு, எத்தனை மார்க் என்பது இடத்துக்கு இடம் மாறினாலும். மற்ற இடங்களுக்கு ஐஈஎல்டிஎஸ் எழுதலாம்.

இந்த வருஷம் அக்காவின் இரண்டாவது பெண் பத்தாம் வகுப்பு முடித்தது. அண்ணன் மாதிரியே காமர்ஸ்தான் வேண்டும், பொருளாதாரம்தான் படிக்கணும் என்று ஒரே பிடிவாதம். ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்றது. பள்ளியை மாற்ற அக்காவுக்கு மனமில்லை. நடந்து போகிற தூரம். சரி என்று திண்ணையில் உட்கார்ந்து, வணிகக் கணிதத்தின் அத்தியாயங்களை அதையே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொல்லி, மூன்று பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பவைத்தேன். ஐந்தாம் நாள் முதல் பதில்: ஏற்க மாட்டோம். இரண்டாவது: ஏற்போம், 90க்கு மேல் வேண்டும். மூன்றாவது இடம், பாடப்புத்தகத்தின் தொகை நுண்கணித அத்தியாயத்தையே அனுப்பச் சொன்னது. ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறோம்.

பள்ளியின் குரூப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழன் ராத்திரி அக்கா அதை எடுத்துக்கொண்டு வந்தாள். நான்காவது பாடத்துக்கு நேரே இரண்டு கட்டம் இருந்தது. மகளிடம் பேனாவைக் கொடுக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"நீயே டிக் போடு. இந்தத் தடவை உன் கையெழுத்தும் இருக்கட்டும்."